நீர் வழங்கல் வேலையில் அனுபவசாலிகள் போகமுன் அவர்களின் அறிவை எப்படி எடுத்து வைப்பது?

யாழ்ப்பாணத்தில் குடிநீர் விநியோகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். நான் கண்டவரை, ஓய்வுபெறப் போகிறவரிடம் கடைசி மாதத்தில் ஒரு கொப்பியை நீட்டி, "தெரிஞ்சதை எல்லாம் எழுதித் தாங்கோ ஐயா" என்று கேட்பது வீண்வேலை. அவரும் எழுதித் தருவார். மோட்டரை எப்படிப் போடுவது, எத்தனை மணிக்கு நிறுத்துவது, குளோரின் எவ்வளவு கலப்பது. அதெல்லாம் ஏற்கெனவே லொக் புத்தகத்தில் இருப்பதுதான். நமக்கு வேண்டியது அதில் இல்லாதது. அதைத் தெரிந்து வைத்திருக்கிறோம் என்ற நினைவே அவருக்கு இருக்காது.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கும் மழைநீரைத்தான் கிணறுகளில் இருந்து இறைக்கிறோம். அந்த நன்னீர் அடியில் உள்ள உவர்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. பாடப்புத்தகக் கணக்குப்படி நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால் கீழே உவர்நீர் சுமார் 40 அடி மேலே வரும். எங்களிடம் ஒரு பழைய ஒப்பரேட்டர் இருந்தார். ஆவணி, புரட்டாதி வந்தால் ஒரு குறிப்பிட்ட கிணற்றின் மோட்டரை மத்தியானத்தோடு நிறுத்திவிடுவார். லொக் புத்தகத்தில் நேரம் இருக்கும், பக்கத்தில் "நிறுத்தம்" என்று இருக்கும், அவ்வளவுதான். அவர் போனபிறகு வந்த பெடியன், நல்ல மோட்டர் சும்மா நிற்கிறதே என்று பின்னேரம் வரை ஓடவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அட்டவணையில் அப்படித்தான் இருந்தது. கொஞ்ச நாளில் வீடுகளில் இருந்து "தண்ணி சவரா இருக்கு" என்று முறைப்பாடு வரத் தொடங்கியது.

ஓய்வுபெற்ற அந்த ஒப்பரேட்டர் அண்ணையின் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "அந்தக் கிணத்துத் தண்ணி மத்தியானத்துக்குப் பிறகு நாக்கில பிடிக்கும் தம்பி, குடிச்சுப் பாக்கேல்லையே?" என்றார். மின்கடத்துதிறன் மீற்றரை (தண்ணியில் உப்புக் கூடினால் இதில் எண் ஏறும்) போட்டுப் பார்த்தால் அவர் சொன்ன நேரத்துக்குத்தான் எண் ஏறுகிறது. அதன்பிறகு லொக் புத்தகத்தில் "ஏன்?" என்று ஒரு நிரல் கூடுதலாகக் கோடு போட்டு வைத்தோம். இத்தனை மென்பொருள் விற்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த ஒரு நிரல்தான் இருக்கிறதிலேயே மலிவும் உருப்படியும்.

அடுத்தது வால்வுகள். எங்கள் கந்தோரில் பழைய பிளான்கள் பல யுத்தத்தோடும் இடப்பெயர்வுகளோடும் போய்விட்டன. பிறகு ரோட்டுக்கெல்லாம் காப்பெற் (தார்) போட்டபோது வால்வு மூடிகளும் அதற்குள் போயின. எந்த வால்வு எங்கே என்பது இரண்டு மூன்று பேரின் தலைக்குள்தான். "வேம்பில இருந்து பத்தடி" என்பார்கள். வேம்பைத் தறித்து எத்தனையோ வருசம். கைத்தொலைபேசியில் இடத்தைக் குறித்துவிடலாமே என்பீர்கள். அது சில மீற்றர் பிழை காட்டும், கல்லை உடைத்துக் கிடங்கு வெட்டுகிறவனுக்குச் சில மீற்றர் பெரிய விசயம். ஆகவே மூன்று நிலையான இடங்களில் இருந்து நாடா பிடித்து அளந்து, நாடாவும் தெரியப் படம் எடுங்கள். மதகு நல்லது. மின்கம்பம் பரவாயில்லை. கோயில் மதிலை மட்டும் நம்பவேண்டாம், அடுத்த கும்பாபிஷேகத்துக்கு முதல் அது நகர்ந்துவிடும்.

இடத்தோடு, எந்தப் பக்கம் திருப்பினால் பூட்டும், முழுதாகப் பூட்ட எத்தனை சுற்று என்பதும் வேண்டும். சில வால்வுகள் மற்றவைக்கு எதிர்ப்பக்கமாகப் பூட்டும். தெரியாதவன் பலத்தைக் காட்டினால் தண்டு முறியும். அவசரத்தில் சடாரென்று பூட்டினால் குழாய்க்குள் அழுத்தம் எகிறி, பழைய அஸ்பெஸ்டஸ் குழாய் வெடிக்கும். கசிவு தேடுவதும் இங்கே தனிக்கலை. கீழே வெடிப்புள்ள சுண்ணாம்புக் கல் என்பதால் ஒழுகும் தண்ணீர் பல நேரம் ரோட்டுக்கு வராமலே கீழே போய்விடும். இரவில் கம்பியைக் குழாயில் வைத்துக் காது கொடுத்துத்தான் பிடிக்கவேண்டும். காகிதத்தில் எழுதி அது வராது.

அதனால் பழையவரும் புதியவரும் ஒரு மாரியும் ஒரு கோடையும் சேர்ந்து திரிய வேண்டும். வால்வுச் சாவி புதியவர் கையில், பழையவர் பக்கத்தில். எழுதுவதும் புதியவர்தான், பழையவர் வாசிக்கக் கேட்டுத் திருத்தட்டும். ஆனால் நடப்பது என்ன? ஒருவர் போய், வெற்றிடம் அறிவித்து, ஆள் எடுத்து முடிய இருவரும் சந்திப்பதே இல்லை. அரச துறையில் ஓய்வு வயதைத் திரும்ப 60 ஆக்கியபோது, 60 தாண்டியவர்களில் பெரும்பாலானோர் 2022 டிசம்பர் 31 உடன் ஒரேயடியாகப் போனார்கள். அதே வருசம் 5 ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகவும் வழி திறந்தது. இப்போது எங்கள் வால்வுகள் சிலவற்றின் விபரம் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறது. இங்கே நடுச்சாமத்தில் குழாய் உடைந்தால் அங்கே பகல், வட்ஸ்அப்பில் உடனே பதில் வரும். அந்த ஒரு வசதிதான்.

இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தெரிந்ததைச் சிலர் வேண்டுமென்றே சொல்ல மாட்டார்கள். "என்னைக் கூப்பிடாமல் ஏலாது" என்பதில்தான் அவருடைய மரியாதையும் மேலதிக நேரக் கொடுப்பனவும் இருக்கிறது. பிரியாவிடையில் பொன்னாடை போர்த்தினால் அது வெளியில் வராது. கற்பித்த நாட்களுக்குக் காசு கொடுங்கள், ஓய்வுக்குப் பிறகும் நாட்கூலிக்காவது கூப்பிடுங்கள். தர முகாமைத்துவத்துக்கான ஐஎஸ்ஓ 9001 தரநிர்ணயத்தின் 2015 பதிப்பில் நிறுவன அறிவைப் பேண வேண்டும் என்று தனியாகவே இருக்கிறது. அதற்கென்று கணக்காய்வுக்குக் காட்ட ஒரு கோப்புச் செய்வார்கள், கோப்பு நன்றாகத்தான் இருக்கும்.

2024 ஆகஸ்டில் திறந்த தாளையடி கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் மாதிரி இடங்களில் கதை வேறு. நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு, குடாநாட்டுக்குப் புதுத் தொழில்நுட்பம். அதற்கென்று பழைய அண்ணை யாரும் எங்களிடம் இல்லை. வாடைக் காற்றில் கடல் கலங்கும்போது முன்வடிகட்டலில் என்ன மாற்றினார்கள், உப்பைப் பிரிக்கும் மென்சவ்வின் இரு பக்க அழுத்த வித்தியாசம் எந்த மாதத்தில் ஏறத் தொடங்கியது என்பதையெல்லாம் முதல் வருசத்தில் இருந்தே காரணத்தோடு எழுதினால்தான் உண்டு.

உங்களிடம் ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் பொதுவாக ஒன்றும் கேட்காதீர்கள். பழைய முறைப்பாட்டுப் பதிவேட்டை எடுத்து, பெரிய உடைப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, "அண்டைக்கு முதல்ல எதைப் பூட்டினீங்கள்? ஏன்?" என்று கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். அதை எழுத்தில் ஏற்றும் வேலையை அந்த இடத்துக்கு வரப்போகிறவரிடமே கொடுங்கள். வெளியில் தட்டச்சுக்குக் கொடுத்துப் பார்த்தோம். குழாயில் படிந்த அழுக்கைக் கழுவி வெளியேற்றத் திறக்கும் ஸ்கவர் வால்வெல்லாம் சுகர் வால்வாகத் திரும்பி வந்தது.