மலிவு ஹெல்மெட் போட்டால் உயிரின் மதிப்பும் குறைவா?

கேள்வி: பெங்களூரு அல்சூரிலிருந்து ஓசூர் சாலை வழியாக தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஸ்கூட்டரில் போகிறேன். வயது 42, மாதச் சம்பளம் 40,000 ரூபாய். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் என்னை நம்பி இருக்கிறார்கள். 500 ரூபாய் ஹாஃப் ஹெல்மெட்தான் போடுகிறேன். "2,500 ரூபாய் ஹெல்மெட்டை வேண்டாம்னு சொன்னதால உங்க உயிரோட மதிப்பு கம்மின்னுதான் கணக்கு வரும்ப்பா" என்கிறாள் பொருளாதாரம் படிக்கும் மகள். உண்மையா? இதை வைத்து எவ்வளவு இன்சூரன்ஸ் எடுப்பது?

பதில்: மகள் சொல்லும் கணக்கு உண்மையிலேயே இருக்கிறது. விலை வித்தியாசம் 2,000 ரூபாய். ஹெல்மெட் நான்கு வருடம் உழைத்தால் ஆண்டுக்கு 500. அது உங்கள் மரண ஆபத்தை ஆண்டுக்கு 20,000-ல் ஒரு பங்கு குறைக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்களைப் போல 20,000 பேர் ஆளுக்கு 500 கொடுத்தால் 1 கோடி ரூபாய் சேரும், ஓர் உயிர் தப்பும். அந்த 1 கோடிதான் 'புள்ளியியல் உயிரின் மதிப்பு'. பொருளாதார நிபுணர் தாமஸ் ஷெல்லிங் 1968-ல் முன்வைத்த பார்வை இது. பெயர் தெரிந்த எந்த மனிதரின் விலையும் அல்ல, சின்ன ஆபத்தைக் குறைக்க மக்கள் தரத் தயாராக இருக்கும் தொகை.

ஆனால் உங்கள் முடிவிலிருந்து அந்த எண்ணை எடுக்க முடியாது. ஹாஃப் ஹெல்மெட்டைப் பலரும் போலீஸுக்காகத்தான் போடுகிறார்கள். கர்நாடகத்தில் ஹெல்மெட் இல்லாவிட்டால் 500 ரூபாய் அபராதம். அப்படி வாங்கியதில் தெரிவது அபராத பயம் மட்டுமே. ஆபத்து எவ்வளவு என்று தெரியாமல் வாங்கியிருக்கலாம், மாசக் கடைசியில் கையில் பணம் இல்லாமலும் இருக்கலாம்.

இந்த மதிப்பை வேலைச் சந்தையிலிருந்தும் எடுப்பார்கள்: ஆபத்தான வேலைக்கு எவ்வளவு கூடுதல் கூலி என்று பார்ப்பது. தர்மபுரியிலிருந்து வந்து இங்கே பத்தாவது மாடிச் சாரத்தில் நிற்பவருக்கு வேறு வேலை கிடைக்காவிட்டால், கூடுதல் கூலி இல்லாமலே ஏறுவார். கணக்கில் அவர் உயிர் மலிவாகத் தெரியும். அந்த எண்ணைக் காட்டி அவர் பகுதியில் விபத்தைக் குறைக்கும் சாலைத் தடுப்புச் சுவர் வேண்டாம் என்றால் அது அநியாயம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஏழை, பணக்காரர் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் ஒரே மதிப்பை வைக்கிறது. 2023-க்கு அது 1.32 கோடி டாலர்.

சரி, இன்சூரன்ஸ். அதற்கு இந்த எண் உதவாது, குடும்பம் இழக்கும் வருமானம்தான் கணக்கு. சாலை விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு கணக்கிட, 2009 சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன முறையைப் பின்பற்றலாம். ஆண்டு வருமானம் 4.8 லட்சம், நான்கு பேர் சார்ந்திருப்பதால் உங்கள் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 3.6 லட்சம். இதை எத்தனையால் பெருக்குவது என்பதற்குத் தீர்ப்பில் வயதுவாரியாக அட்டவணை உண்டு, 42 வயதுக்கு அது 14. வருவது 50.4 லட்சம். இதில் சம்பள உயர்வு சேரவில்லை, கடன் இருந்தால் அதையும் கூட்டுங்கள். டெர்ம் பாலிசி, அதாவது பாலிசி காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் இன்சூரன்ஸ், இதற்குக் கீழே வேண்டாம்.

ஹெல்மெட்டுக்கு 2,500 தேவையில்லை. ஆயிரம் ரூபாயை ஒட்டியே ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள முழுமுக ஹெல்மெட் கிடைக்கும். 2022-ல் நாட்டில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இந்த வாரமே வாங்குங்கள், பின்னால் உட்காரும் மகளுக்கும் சேர்த்து. தாடைப் பட்டையை இறுக்கி மாட்டுங்கள். தொங்கவிட்டால் விழும்போது தலையிலிருந்து கழன்றுவிடும்.