லேப்டாப்காரரும் பக்கவாத்தியம்தான்

அன்புள்ள அண்ணா,

மதுரையில் ஐடி வேலை. நான்கு வருடமாக சனி, ஞாயிறுகளில் ஒரு சிறு நாடகக் குழுவில் நடிக்கிறேன். மேடை நிகழ்த்துகலையையும் டிஜிட்டல் தொழில்நுட்பத்தையும் சேர்த்துச் சொல்லித்தரும் முதுகலைப் படிப்புக்கு வெளிநாடு போகலாமா என்று யோசனை. குழுவின் மூத்தவர், "ப்ரொஜக்டர் உள்ளே வந்தால் நடிகன் செத்தான்" என்கிறார். வீட்டில், "இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

அன்புள்ள தம்பி,

உங்கள் மூத்தவர் சொன்னதில் பாதி சரி. நானே அந்தக் கொலையைச் செய்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாடகத்தில், நடிகர் கையைத் தூக்கினால் பக்கத்துத் திரையில் ஒரு பறவை எழும்ப வேண்டும். உடல் அசைவைக் கண்டுபிடிக்கும் கினெக்ட் சென்சார் வைத்துச் செய்தோம். என் அறையில் அழகாக வேலை செய்தது. மேடையில் பறவை ஒரு துளி தாமதமாக எழுந்தது, அவ்வளவுதான், பார்வையாளர்கள் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் மூன்றாவது முறை நாடகம் போடுவதற்குள் நடிகர் தன்னை அறியாமலேயே கையை மெதுவாகத் தூக்க ஆரம்பித்திருந்தார், ஓரக்கண்ணால் பறவைக்காகக் காத்துக்கொண்டு. கையோடு சேர்ந்து வசனமும் இழுத்தது. ஒன்றரை மணி நேர நாடகம் ஏழு நிமிடம் நீண்டுவிட்டது.

கூத்தில் மிருதங்கக்காரர் ஆடுபவரைக் காக்க வைப்பாரா? அவர் கண் முழுக்க ஆடுபவரின் காலில் இருக்கும், அடவு முடிகிற இடத்தில் அவர் அடி விழும். நாங்கள் என்ன செய்திருந்தோம் தெரியுமா, லேப்டாப் பையனை மேடையே தெரியாத ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தோம். அடுத்த தடவை அவனை மேடை ஓரத்துக்குக் கொண்டுவந்து, சென்சாரைக் கழற்றிவிட்டு, "தோள் அசைகிறபோதே பட்டனை அழுத்து" என்றேன். நாடகம் பழைய நீளத்துக்கு வந்துவிட்டது. கை எழுந்த பிறகுதான் சென்சாருக்குத் தெரியும், எழப்போகிறது என்பது அந்தப் பையனுக்குத் தெரிந்தது.

அதனால் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன சாஃப்ட்வேர் கற்றுத்தருகிறார்கள் என்று பார்க்காதீர்கள், அதையெல்லாம் யூடியூபில் கற்றுக்கொள்ளலாம். அரங்கத்தைக் கருவிகளோடு சேர்த்து எத்தனை மணி நேரம் உங்களிடம் விடுவார்கள் என்று அங்கே படித்தவர்களிடம் கேளுங்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1979 முதல் நடக்கும் ஐடிபி (ITP) என்ற, கலையையும் தொழில்நுட்பத்தையும் இணைக்கும் இரண்டு வருடப் படிப்பு புகழ்பெற்றது, எல்லாத் துறைக்காரர்களும் வருவார்கள், ஆனால் அது நாடகப் பள்ளி அல்ல, செலவும் பயங்கரம். ஜெர்மனியில் கீசன் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு அரங்கவியல் துறை எனக்குப் பிடித்தது. கல்விக் கட்டணம் கிடையாது, பருவத்துக்கு ஒரு சிறு தொகைதான், ஜெர்மன் மட்டும் படித்தாக வேண்டும். அங்கே சந்தித்த மூன்று பேர்தான் ரிமினி புரோட்டோகால் என்ற நாடகக் குழு. 2005-இல் 'கால் கட்டா' என்று ஒன்று செய்தார்கள்: பெர்லினில் ஒரு பார்வையாளர் கையில் செல்போனோடு தெருவில் நடக்கிறார், கொல்கத்தா கால் சென்டரிலிருந்து ஒருவர் பேசிப் பேசியே அவருக்கு வழிகாட்டுகிறார். நாடகமே அதுதான். பார்வையாளருக்குச் செல்போனைத் தவிர வேறு கருவி எதுவும் தேவைப்படவில்லை!

இதெல்லாம் புது மோகம் என்று மூத்தவர் நினைத்தால் அவருக்கு 1966 அக்டோபரைச் சொல்லுங்கள். நியூயார்க்கின் ஒரு ராணுவக் கூடத்தில், பெல் ஆய்வகத்துப் பொறியாளர் பில்லி க்ளூவர், கலைஞர்களையும் பொறியாளர்களையும் சேர்த்து ஒன்பது இரவுகள் நிகழ்ச்சி நடத்தினார். ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க் அங்கே டென்னிஸ் ஆட்டத்தையே நிகழ்ச்சியாக்கினார். மட்டைப் பிடிக்குள் ஒலிபரப்பிக் கருவி. பந்து படும் ஒவ்வொரு முறையும் கூடம் அதிர ஓசை வரும், ஒரு விளக்கு அணையும். ஆட்டத்தின் கடைசியில் கும்மிருட்டு. அந்த ஆட்டத்தில் ஆட்டக்காரர்களின் கையைப் பின்தொடர்ந்துதான் கருவி போனது, பாருங்கள்.

வேலை? நாடகம் மட்டும் சோறு போடாது. மியூசியம், கார்ப்பரேட் விழா, கல்யாண மேடை என்று திரை வைக்கிற இடமெல்லாம் ஆள் தேடுகிறார்கள், அதைச் செய்துகொண்டேதான் நாடகம் போட வேண்டியிருக்கும். வீட்டில் அப்படியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், விண்ணப்பிக்கும் முன், மேடைத் திரையில் படங்களை நேரடியாக இயக்க உதவும் டச்டிசைனர் என்ற சாஃப்ட்வேரை இறக்கிக்கொள்ளுங்கள். வணிகம் சாராத பதிப்பு இலவசம், 1280க்கு 1280 அளவுக்கு மேல் படம் தராது, உங்கள் குழுவின் வேட்டித் திரைக்கு அது தாராளம். அந்த மூத்தவரையே நடிக்க வைத்துப் பத்து நிமிடம் ஒன்று செய்து வீடியோ எடுத்து எனக்கும் அனுப்புங்கள். அவர் கால் தெரிகிற மாதிரி எடுங்கள்.