வேலிக்கு அரளி வேண்டாம்: ஆடு, மாடு, நாய் வளரும் தோட்டத்துக்கான உயிர்வேலி

கேள்வி: உசிலம்பட்டிக்கு அருகே ஒன்றரை ஏக்கர் தோட்டத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். 14 வெள்ளாடுகள், 2 கறவை மாடுகள், ஓர் இராஜபாளையம் நாய் இருக்கின்றன. கல் ஊன்றிக் கம்பி கட்ட வசதி இல்லை. செவ்வரளியை ஆடு கடிக்காது, பூவையும் மாட்டுத்தாவணிச் சந்தையில் விற்கலாம், ஆகவே சுற்றிலும் அதையே வேலியாக வைக்கும்படி பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார். வைக்கலாமா? வாசலில் ஏற்கெனவே ஒரு தங்க அரளி நிற்கிறது; பகலில் நாயை அதன் நிழலில்தான் கட்டுகிறோம்.

பதில்: செவ்வரளி வேண்டாம் ஐயா. ஆடு அதைக் கடிக்காது என்று உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வது பெருமளவு உண்மைதான். ஆனால் அது பச்சையாக நிற்கும் செடியைப் பற்றிய உண்மை. வேலி என்றால் வருடத்துக்கு இரண்டு முறையாவது கவாத்து செய்தாக வேண்டும். வெட்டிப் போட்ட அரளி இலை வாடி உலரும்போது அதன் கசப்பு மட்டுப்படுகிறது, நஞ்சு மட்டுப்படுவதில்லை. பச்சையில் முகர்ந்துவிட்டு விலகிய அதே ஆடு, சருகாகிக் கிடக்கும் இலையை மற்றத் தழையோடு சேர்த்துத் தின்றுவிடும். அரளியின் இலை, பூ, பட்டை, வேர் அனைத்திலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உண்டு. வெள்ளாட்டின் உயிரைப் பறிக்கச் சில இலைகளே போதும். இலை விழுந்து ஊறிய தொட்டித் தண்ணீர்கூட ஆபத்தானது. அரளி தின்ற ஆடு பல நேரங்களில் மருத்துவர் வந்து சேரும் முன்பே விழுந்துவிடுகிறது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பூவுக்காக அரளி பயிரிட விரும்பினால், கால்நடை நுழையாத தனி வயலில், வெட்டும் கழிவு அங்கேயே புதைக்கப்படும்படி பயிரிடுங்கள்; அது வேறு செய்தி.

ஆகவே வேலிச் செடி எதுவானாலும் "ஆடு மேயுமா, மேயாதா" என்று மட்டும் பார்க்காதீர்கள். வெட்டிய தழை எங்கே போகும், உதிர்ந்த காயை யார் கடிப்பார், சித்திரை வெயிலில் வேறு பச்சையே இல்லாதபோது கால்நடை எதைத் தேடும் என்று மூன்றையும் கேட்டுப் பாருங்கள். நம் வட்டாரத்தில் வேலியாக நிற்கும் பல செடிகள் இங்கேதான் தோற்றுப்போகின்றன. காட்டாமணக்கை ஆடு ஒதுக்கும். அதன் கொட்டையை நாயும் குழந்தையும் ஒதுக்குவதில்லை. உண்ணிச்செடியைப் பசித்த மாடு தின்றால் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும், வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்ததுபோல உரியும். கண்மாய்க் கரையிலிருந்து எளிதாக ஒடித்து வந்து நடப்படும் நெய்வேலிக் காட்டாமணக்கு இன்னும் மோசம்: வறட்சியில் அதை மேயத் தொடங்கும் வெள்ளாடு அந்த ருசிக்கே பழகி, பிறகு தானாகவே தேடிப் போய்த் தின்று, சில வாரங்களில் தலை நடுங்கிக் கால் தள்ளாடும் நிலைக்கு வந்துவிடுகிறது. திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். எந்த வேலியை வைத்தாலும் அதன்மேல் குன்றிமணிக் கொடி படராமலும் அடியில் ஊமத்தை முளைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் தோட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது கொடுக்காப்புளியும் முட்கிளுவையும்தான். நம் முன்னோர் இவற்றை வேலியாக்கியதற்குத் தக்க காரணம் இருக்கிறது. முள் அந்நிய மாட்டைத் தடுக்கும், வெட்டிய தழை சொந்த ஆட்டுக்குத் தீனியாகும். கொடுக்காப்புளியை விதை ஊன்றியே வளர்க்கலாம். இரண்டு வரிசையாக, செடிக்குச் செடி ஓரடி விட்டு, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே மற்ற வரிசையின் செடி வரும்படி ஊன்றுங்கள். முழங்கால் உயரத்தில் ஒரு முறையும் இடுப்பளவில் ஒரு முறையும் நுனியை வெட்டினால்தான் அடியிலிருந்து கிளைத்து அடர்த்தியாகும். இந்த இரண்டு வெட்டைத் தவறவிட்டவர்களின் வேலி மேலே மரமாகவும் கீழே நாய் நுழையும் சந்தாகவும் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கிளுவைக்கு விதை தேவையில்லை. நல்ல முற்றிய போத்துகளை, அதாவது கிளைத் துண்டுகளை, வெட்டி, ஐப்பசி மழைக்கு மண் நனைந்ததும் ஓரடி ஆழத்தில் நெருக்கமாக ஊன்றிவிடலாம்.

இவ்விரண்டிலும் ஒரு சிரமம் உண்டு. ஆடு விரும்பித் தின்னும் என்பதால், இளஞ்செடியை உங்கள் சொந்த ஆடுகளே முதலில் அழிக்கும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உள்பக்கம் உடைமுள் அடைப்பு போட்டே ஆக வேண்டும். அவ்வளவு காவல் இயலாத பக்கங்களில், குறிப்பாகப் பிறர் ஆடுகள் போய்வரும் வண்டிப்பாதை ஓரத்தில், நொச்சியும் ஆடாதோடையும் கலந்து வையுங்கள். ஆடு தொடாததால்தான் ஆடாதோடைக்கு அந்தப் பெயர். அரளிச் சருகு உயிர் குடிக்கும், ஆடாதோடைச் சருகு குடிப்பதில்லை. எனினும் அதன் தழையைச் சினை ஆட்டுக்குப் போட வேண்டாம். வீட்டுக்கு முன்புறம் அழகாக இருக்க வேண்டுமென்றால் களாக்காய் வையுங்கள். முள்ளும் உண்டு, ஊறுகாய்க்குக் காயும் உண்டு.

கிளைரிசிடியாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாராவது அதையும் வேலிக்கு வைக்கச் சொல்வார்கள். ஆடு மாடுகளுக்கு அது நல்ல பசுந்தழை, மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் கொடுக்கலாம். அசைபோடாத பிராணிகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. அதன் பெயருக்கே லத்தீன் மொழியில் எலிக்கொல்லி என்றுதான் பொருள். நாய் கட்டும் பக்கம் அது வேண்டாம். வேலிமசால் என்னும் தீவனப் பயிரும் பெயரில்தான் வேலி. அது யாரையும் தடுக்காது. வேலிக்கு உள்ளே ஒரு பாத்தியில் போட்டால், விதைத்த 90 நாளில் முதல் அறுப்பும் பிறகு 40 நாளுக்கு ஓர் அறுப்பும் கிடைக்கும். ஆட்டுக்குப் பசுந்தீவனம் கையில் இருந்தால் அது வேலியைக் கடிப்பதும் குறையும்.

வாசலில் நிற்கும் தங்க அரளியை இந்த வாரமே அகற்றுங்கள். அதன் காய்க்குள் இருக்கும் பருப்புதான் அந்த மரத்திலேயே நஞ்சு மிகுந்தது; கட்டிப் போட்ட நாய் பொழுதுபோகாமல் எதையும் கடிக்கும். வேரோடு தோண்டி, உதிர்ந்த காய்களையும் பொறுக்கி, ஆழக் குழியில் புதையுங்கள். எருக்குழியில் போடாதீர்கள், வீட்டருகே கொளுத்தாதீர்கள், குச்சியை அடுப்புக்கு எடுக்காதீர்கள். அதற்குள் ஆடோ நாயோ எச்சில் ஒழுக்கி, கழிந்து, சோர்ந்து படுத்தால், எண்ணெயோ பாலோ புகட்டி நேரத்தைக் கழிக்காமல், அதை நடக்க விடாமல் நிழலில் கிடத்தி, உடனே 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணை அழையுங்கள். கடித்த இலையையோ காயையோ ஒன்று எடுத்து வைத்திருந்து, வரும் மருத்துவரிடம் காட்டுங்கள்.