சின்னப்பயலுக்கு என்ன சேதி? பட்டுக்கோட்டையார் பாட்டுகள்: கேள்வி பதில்

கே: 'சின்னப்பயலே சின்னப்பயலே சேதி கேளடா' பெரியவர்கள் சொல்படி நடக்கச் சொல்லும் பாட்டுதானே? பள்ளி விழாவுக்குப் பொருந்துமா?

ப: பொருந்தும், முழுசாகப் பாடினால். 'கேளடா' என்று அண்ணன் தோரணையில் ஆரம்பிப்பதால் எல்லோரும் இதை அடக்க ஒடுக்கப் பாட்டு என்றே நினைத்துவிடுகிறார்கள். விளையாடப் போகும் பிள்ளையிடம் வேப்பமர உச்சியில் பேய் ஆடுது என்று சொல்லி வீரத்தைக் 'கொழுந்திலேயே கிள்ளிவைப்பாங்க' என்கிறாரே கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், அந்தக் கிள்ளுகிற கை யாருடையது? வீட்டுப் பெரியவர்களுடையதுதான். கொழுந்தைக் கிள்ளினால் செடி சாகாது, உயரம்தான் போகாது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளையான கவிஞருக்குத் தெரியாத விஷயமா அது! அதே பாட்டு தனியுடைமைக் கொடுமையையும் தொட்டு, 'தானாய் எல்லாம் மாறும் என்பது பழைய பொய்யடா' என்று முடிச்சுப் போடுகிறது. ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் இந்த இடத்தை வெட்டிவிட்டுப் பாட வைத்ததை நானே பார்த்தேன். பாதிப் பாட்டுக்கு அர்த்தம் சொல்லாதீர்கள்.

கே: எம்.ஜி.ஆர். தன் கட்சிக்காக எழுத வைத்ததா?

ப: இந்தப் பாட்டு இடம்பெற்ற 'அரசிளங்குமரி' படம் வந்தது 1961, எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கியது 1972. கவிஞரோ 1959 அக்டோபரிலேயே, 29 வயதில் போய்விட்டார். கம்யூனிஸ்ட் ஏடான 'ஜனசக்தி'யில் எழுதிய பொதுவுடைமைக்காரர் அவர். வாயசைத்தவரை விட்டுவிட்டு எழுதியவரைப் பாருங்கள்.

கே: 'தூங்காதே தம்பி தூங்காதே' சோம்பேறி இளைஞர்களைத் திட்டுவதுதானே?

ப: கொஞ்சம் திட்டுதான். ஆனால் 'பொறுப்புள்ள மனிதரின் தூக்கத்தினால்' வேலைகள் தூங்குது என்று ஒரு வரி வருமே, அங்கே குறட்டை விடுவது தம்பி இல்லை.

கே: போன மாதம் வந்த ஒரு பாட்டுக்கு விளக்கம் வேண்டும்.

ப: வேறு ஆளைக் கேளுங்கள்.

கே: நான் வக்கீல். 'திருடாதே பாப்பா'வில், சட்டம் போட்டுத் தடுக்கிற கூட்டம் தடுத்துக்கொண்டே இருக்கு, திருடனாய்ப் பார்த்துத் திருந்தாவிட்டால் ஒழிக்க முடியாது என்கிறார். சட்டமே வீண் என்று குழந்தைக்குச் சொல்லலாமா?

ப: வீண் என்று எங்கே சொன்னார்? போதாது என்கிறார். அடுத்த சரணம் கேட்டீர்களா? 'இருக்கிறதெல்லாம் பொதுவாய்ப் போனா' பதுக்கவும் ஒதுக்கவும் வேலை இருக்காது என்று வருகிறது.

கே: (வேறொருவர்) அப்படியானால் 'திருடனாய்ப் பார்த்து' என்பது இடிக்கிறதே? திருட்டுக்குக் காரணம் வறுமை என்றால் திருடனை ஏன் திருந்தச் சொல்கிறார்?

ப: நல்ல கேள்வி, எனக்கும் அது உறுத்தும். ஆனால் அதற்கு முந்தைய வரியில் வருவது 'திட்டம் போட்டுத்' திருடுகிற கூட்டம், பசிக்குத் திருடுகிறவன் இல்லை. திருந்த வேண்டியது அந்தக் கூட்டம் என்றே படிக்கிறேன். பாப்பாவுக்கு முதல் வரி, மற்றதெல்லாம் பாப்பாவின் தலைக்கு மேலே நிற்கிற பெரிய மனுஷருக்கு.

கே: வக்கீல்தான் மறுபடியும். அது உங்கள் ஆசை, பாட்டில் அப்படி இல்லை.

ப: ஐயா, 'திட்டம்' என்ற சொல் பாட்டில் இருக்கிறது. நான் சேர்க்கவில்லை.

கே: 'சின்னப்பயலே' எம்.ஜி.ஆர். எழுதியதா?

ப: மேலே படியுங்கள்.

கே: எம்.ஜி.ஆர். பாட்டு...

ப: மேலே!

கே: பிள்ளைகளுக்குப் பாட்டை அச்சடித்துக் கொடுக்கலாமா?

ப: அவர் படைப்புகள் 1993-ல் நாட்டுடைமை ஆகிவிட்டன. தாராளமாகக் கொடுங்கள். வெட்டாமல்.