பக்கத்து வீட்டுச் சீனப் பெண்ணுக்கு நான் எப்படி உதவுவது?

கேள்வி: நான் ஹாங்காங்கில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் சீனப் பெருநிலத்தின் குவாங்டோங்கிலிருந்து மணமாகி வந்தவர். கணவர் அடிப்பதாகச் சொல்லி அழுகிறார். போலீசுக்குப் போகலாம் என்றால், "அவரை விட்டால் என்னை இங்கே இருக்க விடமாட்டார்கள், சோற்றுக்கும் வழியில்லை" என்று மறுக்கிறார். இப்படிப்பட்ட பெண்களை வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்துப் பேசும் திட்டம் ஒன்று உண்டாமே! பேசினால் அடி நின்றுவிடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பேசுவதால் அடி நிற்காது. ஆனாலும் அந்தப் பேச்சை நீங்கள் கைவிடக் கூடாது.

நீங்கள் கேள்விப்பட்டது, பேராசிரியர் ஆக்னஸ் திவாரியின் குழு ஹாங்காங்கில் ஒரு சமூக மையத்தில் 2007 முதல் 2009 வரை நடத்திப் பார்த்த திட்டமாக இருக்கலாம். துணைவரின் வன்முறைக்கு ஆளான 200 சீனப் பெண்களில் பாதிப் பேருக்கு மையத்தின் வழக்கமான சேவைகள் மட்டுமே கிடைத்தன. மற்றப் பாதிப் பேரிடம் முதலில் தனியாகப் பாதுகாப்பு வழிகளைப் பற்றிப் பேசிவிட்டு, 12 வாரங்கள், வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்தார்கள். இடையில் எந்நேரமும் அழைக்க ஓர் எண்ணும் கொடுத்திருந்தார்கள். தமக்கு ஆதரவு உண்டு என்ற உணர்வு அந்தப் பெண்களிடம் கூடியது; ஏச்சும் மிரட்டலும் ஓரளவு குறைந்தன. மனச்சோர்வு குறைந்தாலும் மருத்துவர்கள் பொருட்படுத்தும் அளவுக்குக் குறையவில்லை. உடலில் விழும் அடி குறைந்ததாகத் தெரியவில்லை என்பதையும் 2010-இல் அவர்கள் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அடிப்பவன் ஒருவனாகவும் அழைப்பு வருவது வேறொருவருக்காகவும் இருக்கும்போது, அந்த அழைப்பிடம் இதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமுமில்லை.

ஆனால் வீட்டு விவகாரம் வெளியே தெரிந்தால் அவமானம் என்று வளர்க்கப்பட்ட, தாய்வீடும் எல்லைக்கு அப்பால் இருக்கிற ஒரு பெண் தானாக முன்வந்து உதவி கேட்பது அரிது. அவரைத் தேடி ஒரு குரல் வருவதுதான் அந்தத் திட்டத்தின் உயிர். அதை ஓரளவு நீங்களும் செய்யலாம்: கணவர் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசுங்கள், அவர் மனைவியின் கைபேசியை வாங்கிப் பார்ப்பவராக இருக்கக்கூடும் என்பதால் எதையும் எழுதி அனுப்பாதீர்கள், "விட்டுவிட்டு வா" என்று வற்புறுத்தாதீர்கள்.

அவருடைய பயத்தை உடைப்பதே அவசர வேலை. ஒருவழி அனுமதியில், அதாவது ஹாங்காங்கிலேயே குடியேறச் சீன அரசு தரும் அனுமதியில் வந்தவர் என்றால், அவர் தங்குவதும் போவதும் கணவர் கையில் இல்லை. புதிதாக வந்தவருக்கு ஏழு ஆண்டுகள் அரசின் வாழ்வாதார உதவி கிடையாது என்ற விதி 2004 முதல் உண்மையாகவே இருந்தது. 2013 டிசம்பரில் அங்குள்ள இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்ததால், ஓராண்டு வசித்தால் போதும் என்ற முந்தைய விதி மீண்டும் வந்தது. பழைய விதியைச் சொல்லியே மனைவியை மிரட்டும் கணவர்கள் இன்றும் இருந்தால் எனக்கு வியப்பில்லை. உறவினரைப் பார்க்க வரும் இருவழி அனுமதியில் இருப்பவர் என்றால் சிக்கல் அதிகம். அதை ஒரு சமூகப் பணியாளரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

போக இடமில்லை என்பதும் சரியல்ல. 1985-இல் தொடங்கிய ஹார்மனி ஹவுஸ் உட்பட, பெண்களும் குழந்தைகளும் தங்கக்கூடிய காப்பகங்கள் அங்கே உண்டு. துங் வா மருத்துவமனைக் குழுமம் நடத்தும் நெருக்கடி மையத்தின் 18281 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது. முதல் அழைப்பை உங்கள் வீட்டிலிருந்து, உங்கள் கைபேசியில் அவரே பேசட்டும். கணவர் நெருங்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் தடையாணையும் கேட்கலாம்; அதன் உச்ச காலம் 2008-இல் 24 மாதங்களாக உயர்த்தப்பட்டது. அவர் சம்மதித்தால், அடையாள அட்டை, பயண அனுமதி, குழந்தை இருந்தால் அதன் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களும் கொஞ்சம் பணமும் அடங்கிய ஒரு பையை உங்கள் வீட்டில் வைத்திருங்கள்.

இரவில் அலறல் கேட்டால் மட்டும் அவருடைய சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் போய்க் கதவைத் தட்டவும் வேண்டாம். அங்குள்ள அவசர எண்ணான 999-ஐ அழைத்து, தளத்தையும் வீட்டு எண்ணையும், உள்ளே குழந்தை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.