கேள்வி பதில்: ஆடிய முகாமுக்கே கோச்சாகத் திரும்புகிறவர்களுக்கு

பதின்மூன்று வயதில் ஒரு கோடைக் கபடி முகாமில் சேர்ந்தேன். அதே மைதானத்தில் இது எனக்கு எட்டாவது வருடம், கோச்சாக. காலையில் ஆட்டம், சாயங்காலம் கேப்டன் பயிற்சி. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, போன வருடம்வரை முகாமில் ஆடினேன். இந்த மே மாதம் உதவிக் கோச்சாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். பையன்கள் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மதிப்பார்களா?

பேர் சொன்னால் சொல்லட்டும் தம்பி. அவர்களுக்கு முன்னால் போய்க் கோட்டுக்குச் சுண்ணாம்பு போட ஆரம்பி. இரண்டாம் நாள் எவனாவது கயிறு பிடிக்க வருவான். ‘அண்ணா’ அப்புறம் தானாக வரும். கூட ஆடிய சிநேகிதனை முதல் ஏழு பேரில் போட்டால், ஏன் என்று கேட்கிறவனுக்குச் சொல்ல ஒரு பதில் வைத்துக்கொள்.

உடற்கல்வி ஆசிரியை நான். தலைமைப் பண்பு என்று வகுப்பெடுத்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். கபடியில் எப்படிச் சொல்லித்தருகிறீர்கள்?

வகுப்பே வேண்டாம் டீச்சர். கபடியில் கேப்டனும் அவுட் ஆவான். அவுட்டான வரிசைப்படிதான் திரும்ப உள்ளே வர முடியும், கேப்டன் என்பதற்காக முந்த முடியாது. அவன் வெளியே உட்கார்ந்திருக்கும்போது உள்ளே யார் முடிவெடுப்பது? நான் அங்கேதான் ஆரம்பிப்பேன். கேப்டனை முதலிலேயே உட்காரவைத்துவிட்டு, மூன்றே பேரை நிறுத்தி ஆட்டத்தைத் தொடங்குவேன். மூன்று பேரோ அதற்குக் குறைவோ நின்று, பாடிவரும் ரெய்டரைப் பிடித்தால் சூப்பர் டேக்கிள், கூடுதலாக ஒரு பாயிண்ட். ரெய்டுக்கு 30 விநாடி. வெளியிலிருந்து யாரும் கத்தக்கூடாது, நானும்தான். எனக்கு அதுதான் கஷ்டம்!

போன வருடம் லெஃப்ட் கார்னரில், அதாவது தடுப்பு வரிசையின் இடது ஓரத்தில், ஒரு பெண். பத்து நாளாக அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இந்த ஆட்டத்தில், செயினில் கோத்திருந்த பக்கத்துப் பெண்ணின் கையை இரண்டு தடவை அழுத்தினாள். ரெய்டர் அவள் பக்கம் கால் நீட்டிய நொடியில் இரண்டு பேரும் சேர்ந்து பாய்ந்தார்கள். அந்தச் சமிக்ஞையை யாரும் சொல்லித்தரவில்லை. சாயங்காலமே அவளைக் கேப்டனாக்கினோம். இப்போதும் அதிகம் பேசமாட்டாள்.

என் மகளை அனுப்பலாமா சார்? ஆண்களோடு ஒரே ஆடுகளமா?

பெரியவர்களில் ஆண்களுக்கு ஆடுகளம் 13க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12க்கு 8. பெண்கள் கபடி 2010 முதல் ஆசிய விளையாட்டிலேயே இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: பெண் கோச் இருக்கிறாரா, கழிப்பறை எப்படி, இருட்டுவதற்குள் விடுவார்களா. மூன்றுக்கும் நேரடியாகப் பதில் வராவிட்டால் வேறு முகாம் பாருங்கள்.

என்.ஐ.எஸ். (பாட்டியாலா தேசிய விளையாட்டு நிலையத்தின் கோச் படிப்பு) முடிக்காமல் கோச் ஆகலாமா?

உதவிக் கோச்சாக நிற்கலாம். ஆனால் இதே தொழில் என்றால் படித்துவிடுங்கள். அந்த நிலையம் நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பில் தொடங்கலாம்.

எங்கள் காலத்தில் லேட்டானால் பத்து ரவுண்டு ஓடவைத்தார்கள், தண்ணீர்கூடத் தரமாட்டார்கள். இப்போது பசங்களுக்குச் செல்லம் அதிகமில்லையா மாஸ்டர்?

முதல் வருடம் நானும் அந்தப் பத்து ரவுண்டைக் கொண்டுவந்தேன். ஆறாவது ரவுண்டில் ஒரு பையன் சுருண்டு விழுந்தான். இரண்டு பஸ் மாறி, வெறும் வயிற்றோடு வந்தவன். முகத்தில் தண்ணீர் தெளித்தபோது, “மாஸ்டர், இன்னும் நாலு பாக்கி” என்றான். அன்றைக்கு என்னால் சோறு சாப்பிட முடியவில்லை.

இப்போது லேட்டாக வருகிறவனிடம் எந்த பஸ் என்றுதான் முதலில் கேட்பேன். ஆடுகளத்தின் ஓரப் பட்டையான லாபிப் பக்கம் இரண்டு குடம் தண்ணீர் இருக்கும், அதை நிரப்புவது அன்றைய கேப்டனின் வேலை. அவித்த கொண்டைக்கடலை ஆட்டத்துக்கு அப்புறம் இல்லை, முன்னால். ராத்திரியே ஊறப்போட யாரிடமாவது சொல்லிவையுங்கள், எங்கள் முகாமில் அதை இரண்டு தடவை மறந்திருக்கிறோம்.