நிலம் கேள்வி-பதில்: மேய்க்காலும் மனைக்கல்லும்

கேள்வி: எங்கள் ஊர் மேய்க்கால் (கால்நடை மேயும் பொது) நிலத்தில் வருஷா வருஷம் வேலி நகர்ந்துகொண்டே வருகிறது. பலமுறை மனு கொடுத்தும் பலனில்லை. என்ன செய்வது?

பதில்: மனுவில் சர்வே எண் இருந்ததா? "மந்தைவெளியை வளைத்துவிட்டார்கள்" என்று மட்டும் எழுதினால் அந்த மனு விஏஓ விளக்கத்துக்குப் போய் அங்கேயே தூங்கும். முதலில் இ-சேவை தளத்தில் அ-பதிவேட்டை (சர்வே எண் வாரியாக நிலத்தின் வகைப்பாடு, பரப்பு, உரிமையாளரைக் காட்டும் கிராமப் பதிவேடு) எடுத்து, வகைப்பாடு 'மேய்க்கால் புறம்போக்கு' என்று இருக்கிறதா, பரப்பு எத்தனை ஹெக்டேர் ஏர்ஸ் என்று பாருங்கள். அதே எண்ணின் புலப்படத்தையும் (எல்லை அளவுகள் காட்டும் வரைபடம்) எடுங்கள். எல்லைக் கல் நின்ற இடங்களைப் படத்தோடு ஒப்பிட்டு நடந்து பாருங்கள். வேலி போட்டவர் முதலில் பிடுங்குவது கல்லைத்தான். கல் இல்லையென்றால் வட்டாட்சியரிடம் அளந்து எல்லை காட்டக் கேளுங்கள்.

அ-பதிவேட்டில் தனியார் பெயர் இருந்தால் கதை வேறு. 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த யூடிஆர் (நில ஆவணங்களைப் புதுப்பிக்கும்) பணியில் பல இடங்களில் பொது நிலம் தவறாகப் பட்டாவில் ஏறியது. அதற்கு முந்தைய எஸ்எல்ஆர் (நிலவரித் திட்டப் பதிவேடு) நகலை வாங்கி ஒப்பிட்ட பிறகே மனு எழுதுங்கள். இந்த ஒப்பீடு இல்லாமல் போனால், பட்டாவை நீட்டுபவர் முன் நம் பேச்சு நிற்காது.

ஆக்கிரமித்தவர் பி-மெமோ ரசீதைக் காட்டி "வரி கட்டுகிறேன்" என்பார். பயப்பட வேண்டாம்! பி-மெமோ என்பதே ஆக்கிரமிப்பைப் பதிவு செய்யும் தாள்தான். அது உரிமையைத் தராது. 1905-ம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7-ம் பிரிவில் நோட்டீஸ், 6-ம் பிரிவில் வெளியேற்றும் உத்தரவு என்று மனுவில் குறிப்பிட்டே கேளுங்கள். ஏரி என்றால் 2007-ம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. பொது நில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 28.1.2011 அன்று ஜக்பால் சிங் வழக்கில் சொன்னதையும் சேர்க்கலாம்.

கையோடு கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். சர்வே எண், பரப்பு, வகைப்பாடு மூன்றும் தீர்மான வாசகத்திலேயே இருக்க வேண்டும். கோரம் (குறைந்தபட்ச வருகை) முக்கியம்: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கையெழுத்து குறைந்தால் அந்தத் தீர்மானத்தைத் தள்ளிவிடுவது சுலபம்.

கேள்வி: பக்கத்து வயலில் மனைக்கல் நட்டு "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று பலகை வைத்திருக்கிறார்கள். செல்லுமா?

பதில்: பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் வேண்டும். 20.10.2016-க்கு முன் மனையாகவே பத்திரமானவை தவிர, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுக்கிறது. நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பம் போயிருந்தால், வேளாண் துறையின் கருத்து கேட்கும் கட்டத்திலேயே ஆட்சேபம் தெரிவியுங்கள். பாசன வாய்க்காலின் சர்வே எண்ணையும் அது எத்தனை வயல்களுக்குப் பாய்கிறது என்பதையும் எழுதினால் எடை கூடும். ஒப்புதல் வந்த பிறகு குரல் கொடுப்பது வீண் அலைச்சல்.

ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவிலும் ஒன்றைக் கவனியுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பத்திரம் எழுதியதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். பட்டா பழைய பெயரிலேயே கிடந்தால், பத்து வருஷம் கழித்து அந்தப் 'பூங்கா'வில் வீடு முளைக்கும். பட்டா மாறியதா என்று ஊராட்சியில் கேளுங்கள்.

கேள்வி: டெல்டாவில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வீட்டுமனைகளைத் தடுக்குமா?

பதில்: தடுக்காது. 2020-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்வது ஹைட்ரோகார்பன் எடுப்பு, தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற பட்டியலிட்ட புதிய தொழில்களை மட்டும். மனைகளுக்கு மேலே சொன்ன டிடிசிபி வழிதான்.